ஆயாவின் காப்புக்குள் இருப்பது

காரைக்குடி,
கார்த்திகை மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மழை விடவில்லை. முற்றத்தில் வைத்த அண்டா இரண்டு முறை நிரம்பி வழிந்துவிட்டது. பட்டாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாம் இருவரும் பரீட்சைக்குப் படித்த அதே தூணடிதான்.

பினாங்கிலிருந்து நீ கேட்ட கேள்வி என்னை விடவில்லை. "பத்திரிகையில் அயல்கோளை, அதாவது வேறு விண்மீனைச் சுற்றும் கோளைப் பற்றிப் போடுகிறார்கள். யாரும் தொட்டுப் பார்க்காத கல்லுக்குள் இவ்வளவு இரும்பு இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று எழுதியிருந்தாய். அதே வாரம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த சாமான்களைப் பங்கு பிரித்தோம். ஒரு தகரப் பெட்டியின் அடியில் ஆயாவின் ஒற்றைக் காப்பு கிடைத்தது. பார்த்தால் கெட்டிக் காப்பு. கையில் எடுத்ததும் என் தங்கை, "இது கனக்கவில்லையே" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். வெளியே 40 கிராம். கன அளவு 5 கன சென்டிமீட்டர். முழுக்க 22 காரட் தங்கமாக இருந்தால் 88 கிராமாவது இருக்க வேண்டும். ஆசாரி உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தங்கம்தான் என்றார். ஆனால் உரைகல்லுக்கு மேல்தோல்தானே தெரியும்! உள்ளே அரக்கு நிறைத்திருக்கலாம். வெறும் கூடாகவும் இருக்கலாம். பித்தளைமேல் கனமாகப் பொன் பூசியிருந்தாலும் ஏறக்குறைய இதே எடைதான் வரும். ஒரே எடை, ஒரே அளவு, மூன்று கதைகள்.

கோள்களின் கணக்கும் இதுதான். எடை வேண்டும், பருமன் வேண்டும், வகுத்தால் அடர்த்தி. பூமியை முதலில் இப்படித்தான் அறிந்தார்கள். நம் வாசற்படிக் கருங்கல், நீரைப்போல் 2.7 மடங்கு கனம். 1798இல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளையும் முறுக்குக் கம்பியையும் வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டபோது அது நீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று வந்தது. மேலே இருக்கும் கல்லைவிட மொத்தம் இவ்வளவு கனம் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. ஆயாவின் காப்புக்கு நேர் எதிர்.

அவ்வளவு தூரத்தில் இருப்பதை எடை போடுவது எப்படி? சென்ற வாரம் பேத்தியின் இரண்டு கைகளையும் பிடித்து முகப்பில் சுற்றினேன். அவள் பெரிய வட்டம் அடித்தாள். நானும் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. பின்னால் சாய்ந்து சிறு வட்டம் சுற்றினேன். கோள் சுற்றும்போது அதன் விண்மீனும் அப்படித்தான் அசைகிறது. கோள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விண்மீனின் அசைவு ஒளியில் தெரியும். நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் நடுநடுவே தெரியும் கருங்கோடுகள்) நீலப்பக்கம் ஒதுங்கும், விலகும்போது சிவப்புப்பக்கம். 1995இல் வானியலாளர்கள் மேயரும் கெலோஸும் 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோளை இந்த வழியில்தான் கண்டார்கள். 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அது வியாழன் போன்ற பெரிய வாயுக்கோள், விண்மீனுக்கு மிக அருகில் சுற்றுவது; அசைவும் பெரிது. நம் பூமி சூரியனை எவ்வளவு அசைக்கிறது தெரியுமா? நொடிக்கு 9 சென்டிமீட்டர். அரைச் சாண்கூட இல்லை.

பருமனுக்கு வேறு வழி. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போனால் வெளிச்சம் சிறிது மங்கும். பூமி அளவுக் கோள் சூரியன் அளவு விண்மீனை மறைத்தால் பத்து லட்சத்தில் 84 பங்கு குறையும். நம் முன்னோர் கணக்கில் சொன்னால், பத்து லட்ச ரூபாய் இருப்பில் 84 ரூபாய் துண்டு விழுவது. உன் அப்பச்சி அதைக் கண்டுபிடிக்காமல் அன்றிரவு பேரேட்டை மூடியிருக்க மாட்டார். 2018 வரை விண்வெளியில் வேலை பார்த்த கெப்ளர் தொலைநோக்கி அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளைதான்.

சிக்கல் விண்மீன்களிடமே இருக்கிறது. அவற்றின் மேல் புள்ளிகள் உண்டு, கொதிப்பு உண்டு. இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1909 ஜனவரியில் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இதே நிறமாலைக் கோடுகளின் விலகலைக் கொண்டுதான் கண்டார். அந்தப் பாய்ச்சலும் புள்ளிகளும் இன்று கோளை எடைபோடுகிறவர்களைத் திணற வைக்கின்றன. 2009இல் அறிவித்த கொரோ-7பி என்ற அயல்கோளைப் பாறைக்கோள் என்றார்கள். அதன் விண்மீனில் புள்ளிகள் மிகுதி. ஒரு குழு அந்தக் கோளின் நிறை பூமியைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்றது, இன்னொன்று எட்டு மடங்கு என்றது. 2012இல் நம் அண்டை விண்மீனான ஆல்ஃபா சென்டாரியில் பூமி அளவு நிறையுள்ள கோள் என்று உலகமே கொண்டாடியது. மூன்றாண்டு கழித்து, அதே தரவை மறுபடி அலசியவர்கள் அப்படியொரு கோளே இல்லை என்று காட்டினார்கள். இதையெல்லாம் தலைப்புச் செய்தி எழுதுகிறவர்கள் சொல்வதில்லை. "இன்னொரு பூமி" என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு வரும் கோபம் உனக்குத் தெரியும். ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் "கூடவோ குறையவோ இவ்வளவு" என்று எழுதுகிறார்களே, அந்த இடத்தில்தான் அவர்களின் நேர்மை முழுதும் இருக்கிறது. செய்தியில் முதலில் வெட்டுவது அதைத்தான்.

மிகத் துல்லியமாக எடை தெரிந்தவை டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய சிவப்பு விண்மீனின் ஏழு கோள்கள். சுமார் 40 ஒளியாண்டு தூரம். ஏழும் நெருக்கமாகச் சுற்றுவதால் ஒன்றையொன்று இழுக்கின்றன; குறுக்கே வரும் நேரம் முன்பின்னாகத் தவறுகிறது. அந்தத் தவறலிலிருந்து நிறையைக் கணக்கிட்டுவிட்டார்கள். 2021இல் வந்த முடிவைப் படித்துவிட்டு அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏழும் ஏறக்குறைய ஒரே பொருளால் ஆனவை, ஆனால் பூமியின் பக்குவத்தில் செய்திருந்தால் இருக்கவேண்டியதைவிட எட்டு சதவீதம் அடர்த்தி குறைவு. ஏன்? இரும்பு குறைவாக, பூமியில் 32 சதவீதம் என்றால் அங்கே 21 அளவில், இருக்கலாம். இரும்பெல்லாம் துருப்பிடித்துக் கல்லோடு கலந்து, நடுவே இரும்புக் கருவே இல்லாமல் போயிருக்கலாம். வெளிக்கோள்களில் தண்ணீரும் இருக்கலாம். அரக்கா, காற்றா, பித்தளையா என்று நாங்கள் நின்ற அதே இடம்!

என் தங்கை ஒன்று சொன்னாள். "ஆயாவின் மற்ற நகைகளையும் இதே ஆசாரி வீட்டில்தான் செய்தார்கள். அவையெல்லாம் அரக்கு வைத்தவை. இதுவும் அப்படித்தான்." வானியலாளர்களும் இப்படி ஊகிக்கிறார்கள். கோளும் விண்மீனும் ஒரே மேகத்தில் பிறந்தவை. ஆகவே விண்மீனின் ஒளியில் இரும்பு, மக்னீசியம், சிலிக்கன் என்ன விகிதத்தில் தெரிகிறதோ அதைக் கோளுக்கும் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல வழி, ஆனால் நம் புதனே இதற்குப் பிடிகொடுப்பதில்லை. பூமியின் அதே சூரியன்தான். புதனின் நிறையில் எழுபது சதவீதம்வரை இரும்புக் கரு.

நிச்சயமாகத் தெரிய உருக்கத்தான் வேண்டும். இயற்கையே அதையும் செய்கிறது. சூரியன் போன்ற விண்மீன் முதுமையில் சுருங்கி வெள்ளைக் குள்ளனாகிறது. அதன் ஈர்ப்பில் கனமான தனிமங்கள் விரைவில் அடியில் போய்விடும்; மேலே ஹைட்ரஜனோ ஹீலியமோதான் தெரிய வேண்டும். அங்கே கால்சியமும் இரும்பும் தெரிந்தால், அண்மையில் ஏதோ ஒரு கோளின் அல்லது சிறுகோளின் சிதறல் விழுந்து உருகியிருக்கிறது என்று பொருள். மூசையில் போட்ட நகை போல அதன் உள்ளெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. 1917இல் எடுத்த ஒரு நிறமாலைப் புகைப்படத் தட்டிலேயே இந்தத் தடயம் இருந்தது. அன்று யாருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. இன்று அப்படிப் பல விண்மீன்களைப் பார்த்துவிட்டார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை நம் பூமியின் பாறையைப் போன்றவையே.

ஆசாரியும் உருக்கிவிடலாமா என்று கேட்டார். தங்கை காப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். என் பங்கில் வந்ததை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு. இழை எடுத்துக்கொள்ள இந்த முறையாவது ஆச்சியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. முன் அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன். வரும்போது உன் அப்பச்சியின் பழைய நகைத் தராசு அங்கே இருந்தால் எடுத்து வா. என்னுடையதில் ஒரு தட்டு சாய்கிறது.

அன்புடன்,
உன் பழைய தூணடித் தோழன்