ஷாடோஸ் வெறும் பக்கவாத்தியக் குழு அல்ல

ஆசிரியருக்கு,

அறுபதுகளின் பிரிட்டிஷ் இசை குறித்த கட்டுரை, ஷாடோஸ் என்ற கிதார் இசைக்குழுவை 'பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் பக்கவாத்தியக் குழு' என்று ஒரே வரியில் முடித்தது வருத்தம் தருகிறது. டிரிஃப்டர்ஸ் என்ற பெயரில் அவருக்கு வாசித்தவர்கள், அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு குழு இருந்ததால் 1959இல் ஷாடோஸ் ஆனார்கள். மறு ஆண்டே, குரலே இல்லாத அவர்களின் 'அப்பாச்சி' இசைத்தட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்காக இடம்விட்டு இறங்கியது கிளிஃபின் பாடல்தான்!

டிரம்மர் டோனி மீஹன் 1961இலும் பேஸ் கிதார் கலைஞர் ஜெட் ஹாரிஸ் 1962இலும் விலகினர். இருவரும் சேர்ந்து வெளியிட்ட 'டைமண்ட்ஸ்' 1963 தொடக்கத்தில் முதலிடம் பிடித்தபோது, அது இறக்கியது ஷாடோஸின் 'டான்ஸ் ஆன்' இசைத்தட்டை. அப்படிப்பட்டவர்களைப் பின்னணி ஆட்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

ஷாடோஸின் முன்னணி கிதார் கலைஞர் ஹாங்க் மார்வினின் நாதத்தைப் பிடிக்க முயல்வோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, மெல்லிய கம்பிகள்: அவற்றில் நாதம் சன்னமாகிவிடும். தடித்த கம்பிகள் வேண்டும். மூன்றாம் கம்பியும் மேலே மெல்லிய உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பியாக இருக்க வேண்டும். மற்றொன்று, ஒரே இடைவெளியில் திரும்பும் எக்கோ, அதாவது எதிரொலி. அவர் பயன்படுத்திய மெயாட்ஸி எக்கோ கருவியில், பதிந்த ஒலியைத் திருப்பி ஒலிக்கும் ஹெட்கள் பல உண்டு. எதிரொலிகள் வெவ்வேறு இடைவெளிகளில் வந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். டிஸ்டார்ஷன் எனும் ஒலிச் சிதைவு கூடவே கூடாது. வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் ஒலி தெளிவாகவே இருக்கட்டும். சுரத்தை அசைய வைக்கும் டிரெமோலோ கைப்பிடியைக் கையை விட்டு விலக்காமல் சுரங்களின் முடிவில் லேசாக அசைத்தால் போதும்.

ஒரு வாசகர்,
கோவை