பாதி மணல் மாற்றியாகிவிட்டது

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. உன் போன் வந்து மூன்று வாரம் ஆகிறது. மஸ்கட்டில் வேலை அதிகமாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ வைத்துவிட்டுப் போன கடல்மீன் தொட்டி விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அடியில் கிடக்கிற பழைய சல்லியை எடுத்துவிட்டுப் புது மணல் போடுகிறேன். நீ சொன்னபடி ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளவில்லை. நாலு பாகமாகப் பிரித்துக்கொண்டேன், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இரண்டு வாரம். அரை இஞ்ச் குழாயை வைத்து உறிஞ்சினால் தண்ணீரோடு பழைய சல்லியும் வாளிக்கு வந்துவிடுகிறது. 25 லிட்டர் ஆனதும் நிறுத்திவிடுவேன். அதே அளவு உப்புத் தண்ணீரை முந்தின நாளே கரைத்து வைக்கிறேன், லிட்டருக்கு 35 கிராம். உப்பு அளக்கிற மானி 1.025 காட்டினால்தான் ஊற்றுவது. ஒன்பது வருஷத்து அழுக்கு, அய்யா. சல்லி இடுக்கெல்லாம் தின்னாத தீனியும் கழிவும் மாவு மாதிரி படிந்து கிடக்கிறது. அழுக்கால் தண்ணீரில் ஏறுகிற நைட்ரேட் 80-ஐ விட்டு ஏன் இறங்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. பொடிமணல்தான் போடணும் என்று நீ சொன்னது சரி. உனக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீயே படித்துச் செய்தாய். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அப்படிப்பட்டவன் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாய்.

புது மணல் பகாமாஸ் கடல் மணலாம். 25 கிலோவுக்குக் கொடுத்த காசை அம்மாவிடம் சொல்லவில்லை. நம் தாத்தா வீட்டுச் சுவரெல்லாம் பவளக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. வள்ளம் வள்ளமாக வெட்டி வந்தார்கள், நம் கடலில் இருக்கிற வான் தீவு தேய்ந்தே போனது. 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது நல்லதுதான். மணலை அம்மா அரிசி களைகிற மாதிரி ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, பிவிசி குழாயை அடிவரைக்கும் இறக்கி, டம்ளர் டம்ளராகப் போட்டேன். அப்படியும் அன்றைக்கு முழுக்கத் தொட்டி நீராகாரம் மாதிரி கலங்கிக் கிடந்தது. மறுநாள் தெளிந்துவிட்டது.

மருமகளும் சின்னவனும் நாகர்கோவில் வந்திருக்கிறார்களாம். ஒரு கல்யாண வீட்டில் சம்பந்தியம்மா சொன்னதாக அம்மா சொன்னாள். ஸ்கூல் லீவு இல்லையே என்றாள். நான் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி முழிக்காதே.

மண்டபத்திலிருந்து வந்த கோமாளி மீன் ஜோடி நன்றாக இருக்கிறது. பெண் மீன் என் விரலைக் கடிக்க வருகிறது. மஞ்சள் ராஸ் மீன்தான் பிடிவாதம். சாயங்காலம் மணலுக்குள் புகுந்து தூங்கும் இல்லையா, புது மணல் போட்டும் மூன்று வாரம் பழைய சல்லிப் பக்கமே போனது. நேற்று ஆறரை மணிக்குப் புது மணலுக்கு வந்தது, வாயால் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தது, சட்டென்று தலைகீழாக உள்ளே போய்விட்டது. வால் நுனி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நம் நீல மீன், நீலக்குட்டியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. இரண்டாம் பாகம் அள்ளும்போது பாறைக்குப் பின்னால் ஆழமாகக் கிளறிவிட்டேன். நீ வேண்டாம் என்று சொன்ன இடம். அடியில் சல்லி கறுப்பாக இருந்தது, காற்றுப் போகாத இடம். குபீரென்று அழுகின முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்பைடு என்று நீ ஒருதரம் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராத்திரி பார்த்தால் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளாக நிற்காமல் பச்சை ஏறியிருந்தது, மீனுக்கு அது விஷம். 50 லிட்டர் மாற்றினேன். விடிந்தபோது நீலக்குட்டி மேலே மிதந்தது. அன்றைக்குத்தான் நீ கடைசியாகப் பேசினாய். எல்லாம் நல்லா இருக்கு என்றேன்.

எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்வது எனக்குப் பழகிப்போனது. 1994-ல் உனக்கு ஐந்து வயசு. நீயும் அம்மாவும் ஆறு மாசம் திருச்செந்தூரில் இருந்தீர்கள், ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்று. ஆச்சி நன்றாகத்தான் இருந்தாள். அம்மாவைக் கேட்காமல் அவள் வளையலை அடகு வைத்தேன். அவள் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. சண்டைகூடப் போடவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். மூன்று மாசம் அப்படி. அதற்குப் பிறகுதான் அவள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனாள். ஊரில் கேட்டவர்களிடம் நல்லா இருக்காங்க என்றேன்.

ஒரே ஒரு தடவை வந்தேன். உனக்கு வாங்கின மக்ரூன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வீடு நடக்கிற தூரம்தான். போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். கடைசியில் அம்மாதான் தானாக வந்தாள், நான் கூப்பிட்டு வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டினதில்லை.

யார் பக்கம் தப்பு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். என் குணம் உனக்கு வந்துவிடக்கூடாது என்று பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். நாகர்கோவிலுக்கு ஒரு போன் போடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் சின்னவனைக் கொடுக்கச் சொல். போன் மட்டும் போடு, அய்யா.

அம்மோனியா இப்போது மஞ்சளிலேயே நிற்கிறது, நாலு நாளாகப் பார்த்துவிட்டேன். மூன்றாம் பாகம் ஞாயிற்றுக்கிழமை காலை. அது கோமாளிகளின் பாறைப் பக்கம், எனக்குத் தனியாகக் கை வைக்கத் தைரியம் இல்லை. முதலில் அங்கே பேசு. பிறகு எனக்கு வீடியோவில் வா. குழாயை நான் பிடித்துக்கொள்கிறேன், எங்கே நிறுத்தணும் என்று நீ சொல்.

அப்பா
தூத்துக்குடி