சாயங்காலம் கொலுசு இறுக்கினால்

அன்பு மகள் தேவிக்கு,

சாயங்காலமானால் கொலுசு இறுக்குகிறது, ஹாஸ்டலுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். கால் வீங்கினால்தானே கொலுசு இறுக்கும்? எனக்கு அது மனசிலேயே கிடக்கிறது. போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பாட்டிக்குக் கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த நரம்புச் சுருட்டல் எனக்கு உன் தம்பி வயிற்றில் இருந்தபோது வந்தது. குடும்பத்தில் இறங்கி வருகிற சமாச்சாரம், அதை நாம் மாற்ற முடியாது. அதோடு உன் துணிக்கடை வேலை மாதிரி நாள் முழுக்க நிற்கிற வேலையும் சேர்ந்தால் சீக்கிரமே வந்துவிடும். தள்ளிப்போடுவதற்கான வழி மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப நெஞ்சுக்கு ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகி ரத்தக் குழாயைப் பிழியும். ஏறிய ரத்தம் கீழே வழியாமல் குழாய்க்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்ளும். நம் தோட்டத்து பம்புசெட்டில் ஃபுட்வால்வு போனால் குழாயில் தண்ணீர் நிற்காதே, அதே கதைதான். நீ அசையாமல் நின்றால் சதைக்கு வேலை இல்லை. ரத்தம் தேங்கும், குழாய் விரியும், விரிந்த பிறகு வால்வு சரியாக மூடாது. அப்படிப் புடைத்து நிற்கிற ரத்தக் குழாயைத்தான் நரம்புச் சுருட்டல் என்கிறோம்.

அதனால் நின்ற இடத்திலேயே மரம் மாதிரி நிற்காதே. வந்தவர்கள் சேலையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும்போது கவுண்டருக்குப் பின்னால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு, யாருக்கும் தெரியாது. பில் போட, குடோனில் இருந்து எடுத்து வர என்றால் நீயே முந்திக்கொண்டு போ. லிஃப்ட் வேண்டாம், படி நல்லது.

அப்புறம் அந்த ஸ்டூல் விஷயம். நான் துணிக்கடையில் இருந்த காலத்தில் சுவரில் சாய்ந்தாலே திட்டு விழும். இப்போது சட்டம் இருக்கிறது. கேரளாவில் கோழிக்கோட்டு விஜியும் அவருடைய பெண்கூட்டு என்கிற பெண் தொழிலாளர் அமைப்பும், துணிக்கடைப் பெண்களும் வருஷக்கணக்கில் போராடியதில் 2018-ல் உட்காரும் உரிமை வந்தது. 2021-ல் நம் தமிழ்நாட்டிலும் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அது. உங்கள் தளத்தில் ஸ்டூல் இருந்தும் உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்றாயே, நீ தனியாகப் போய்க் கேட்காதே. நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள். உட்கார இடம் கிடைத்தாலும் பாதத்தை ஆட்டிக்கொண்டே இரு. ஆடாமல் உட்கார்ந்தாலும் ரத்தம் தேங்கத்தான் செய்யும்.

பாத்ரூம் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாயே, அதை முதலில் நிறுத்து. மலச்சிக்கல் வந்து முக்கினால் வயிற்றில் ஏறும் அழுத்தம் கால் ரத்தத்தை மேலே ஏறவிடாது. கீரை, கொய்யா, ஹாஸ்டலில் கிடைத்தால் கம்பங்கூழ் சாப்பிடு. பாவாடை நாடாவையும் இறுக்கிக் கட்டாதே.

ராத்திரி படுத்ததும் கால் மணி நேரம் சுவரில் காலைத் தூக்கி வை. கால் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும், சும்மா நீட்டினால் போதாது. தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். புடைத்தது அடங்காது. விளம்பரம் பார்த்து க்ரீம் வாங்கிக் காசைக் கரியாக்காதே. கால்மேல் கால் போட்டால் வரும் என்று உன் அத்தை சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் அலட்சியம் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தேய்க்காதே, நீவிவிடாதே. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். லீவு கிடைக்குமா என்று பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அவர் சரி என்றால் முழங்கால் வரைக்கும் வருகிற இறுக்கமான காலுறை வாங்கிக்கொள். எவ்வளவு இறுக்கம் என்று அவரையே எழுதித் தரச் சொல். காலையில் எழுந்ததும் கால் வீங்குவதற்குள் போட வேண்டும், ராத்திரி கழற்றிவிட வேண்டும். பணம் நாளைக்கு அப்பா அனுப்புவார். மருந்துக்கடையில் காலையிலேயே போய் அளவு கொடு. சாயங்காலம் போனால் வீங்கின காலுக்கு அளவெடுத்து லூசாகத் தந்துவிடுவார்கள்.

அம்மா