விசில் ஊதாத கோச்சை விட்டுட்டீங்களே சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் (நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல, நீளப் பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடி மோதற ஆட்டம்) கோச்சுங்க பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சே, அதை ரெண்டு தடவை படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கார், இல்லன்னு சொல்லல. ஆனா கட்டுரை முழுக்க ஒரே பல்லவிதான், கண்டிப்பு இருந்தாத்தான் கப்பு வரும், பசங்கள வெயில்ல சுத்தி ஓட விடணும், கத்தணும், பயம் இருக்கணும்னு. ஏழெட்டு கோச் பேரு வருது, காலேஜ் ஃபுட்பால் சரித்திரத்துலயே அதிக மேட்ச் ஜெயிச்ச மனுஷன் பேரு மட்டும் ஒரு இடத்துலயும் வரல. அதான் இந்த லெட்டர்.

அவர் பேரு ஜான் கலார்டி. எழுத்துக்கூட்டி படிச்சா காக்லியார்டின்னு வரும், ஆனா இங்க மினசோட்டாவுல எல்லாரும் கலார்டின்னுதான் சொல்றாங்க. 64 சீசன் கோச்சா இருந்து 489 மேட்ச் ஜெயிச்சவர், தோத்தது 138, டிரா 11. இதுல 60 வருஷம் ஒரே காலேஜ், 1953ல இருந்து 2012 வரைக்கும் காலேஜ்வில்ல இருக்கற செயின்ட் ஜான்ஸ். கிறிஸ்தவ துறவிங்க நடத்துற மடம், அதை ஒட்டின காலேஜ், சுத்தி காடு, ஏரி. மின்னியாபொலிஸ்ல இருந்து கார்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த மடத்துல சுடற ரொட்டி இந்தப் பக்கம் ரொம்ப ஃபேமஸ், அது வேற கதை.

நான் இந்த ஊருக்கு வந்தது 2003ல. வந்த புதுசுல ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒருத்தர், அந்த காலேஜ்ல படிச்சவரு, சனிக்கிழமை சும்மாதானே இருக்கே வான்னு ஒரு மேட்சுக்கு இழுத்துட்டுப் போனார். நவம்பர் 8, பெத்தல் காலேஜோட மேட்ச். குளிர்ல காது மரத்துப் போச்சு, விளையாட்டு ஒண்ணுமே புரியல, அஞ்சு செகண்ட் ஓடறானுங்க அரை நிமிஷம் நிக்கறானுங்க, இதுக்கா 13 ஆயிரம் பேருக்கு மேல கூடியிருக்காங்கன்னு இருந்துச்சு. கடைசி வரைக்கும் இழுபறி, 29-26ன்னு செயின்ட் ஜான்ஸ் ஜெயிச்சுது. சுத்தி இருந்தவங்க பாதிப்பேர் அழுறாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, அது கலார்டியோட 409வது வெற்றி, லூசியானாவுல கிராம்ப்ளிங் காலேஜ்ல எடி ராபின்சன் வச்சிருந்த 408ங்கற ரெக்கார்ட் அன்னைக்குத்தான் உடைஞ்சுதுன்னு. அவருக்கு அப்போ 77 வயசு.

சரி, இவர் எப்படி பிராக்டிஸ் குடுத்தார்ங்கறதுதான் விஷயம். பிராக்டிஸ்ல ஒருத்தன ஒருத்தன் முட்டித் தள்ளி கீழ சாய்க்கக் கூடாது. டாக்கிள் எல்லாம் சனிக்கிழமை மேட்ச்ல மட்டும்தான். விசில் கிடையாது. கிரவுண்டைச் சுத்தி ஓடற தண்டனை கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல பிராக்டிஸ் கிடையாது. வெயிட் தூக்கியே ஆகணும்னு கட்டாயம் கிடையாது, தூக்குறவன் தூக்கிக்கலாம். டீமுக்கு வரேன்னு வந்தவன யாரையும் வெளிய அனுப்ப மாட்டார், அதனால ஒரு சில வருஷம் டீம்ல 150 பேருக்கு மேல இருந்திருக்காங்க. எல்லாத்துக்கும் மேல, அவரை யாரும் கோச்னு கூப்பிடக் கூடாது, ஜான்னுதான் கூப்பிடணும். பதினெட்டு வயசு பையன் எழுபது வயசு மனுஷன பேர் சொல்லி கூப்பிடறான், நம்ம ஊர்ல நெனச்சுப் பாருங்க, முதுகுத் தோல் உரிஞ்சிரும். வார்ம் அப் ஆரம்பிக்கும்போது எல்லாரும் புல்லுல மல்லாந்து படுத்து வானத்தைப் பாத்து, இன்னைக்கு நாள் நல்லா இருக்குல்லன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லணும், அதுவும் பயிற்சியில சேத்திதான்! எங்கிட்ட சொன்னப்ப கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன், நிஜம்தான்.

இப்படி ஜாலியா இருந்தா எப்படி ஜெயிக்கறதுன்னு உங்க கட்டுரையாளர் கேப்பார். நானும் கேட்டேன். அந்த நண்பர் சொன்னது இதுதான், வாரம் முழுக்க ஒருத்தன ஒருத்தன் இடிச்சுக்கிட்டா சனிக்கிழமை பாதிப்பேருக்கு தோள்பட்டை போயிருக்கும், முட்டி போயிருக்கும். இவர் டீம்ல ஒரே ஆட்டத்தை திரும்பத் திரும்ப போட்டு யார் எங்க நிக்கணும், எவன் எந்தப் பக்கம் ஓடணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற அளவுக்கு மண்டையில ஏத்திருவார், உடம்பு ஃப்ரெஷ்ஷா இருக்கும், மேட்ச் அன்னைக்கு பசங்க பசியோட இருக்கற மாதிரி இறங்குவானுங்க.

இந்த யோசனை அவருக்கு வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கொலராடோவுல டிரினிடாட்னு நிலக்கரிச் சுரங்க ஊரு, அவர் அங்க ஸ்கூல் பையன். 1943ல ஸ்கூல் கோச்சை யுத்தத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. கோச் இல்ல, டீமைக் கலைச்சிரலாம்னு பேச்சு வந்தப்போ இவர் நானே பாத்துக்கறேன்னு கேட்டு வாங்கிக்கிட்டார், வயசு 16. பழைய கோச் பிராக்டிஸ்ல தண்ணி குடிக்க விட மாட்டாராம், வாத்து மாதிரி குந்திக்கிட்டே நடக்க விடுவாராம். இவர் மொத வேலையா ரெண்டையும் நிறுத்தினார். அந்த வருஷம் அந்த டீம் சாம்பியன்!

இதைக் கேட்டதும் எனக்கு எங்க பிடி சார் ஞாபகம்தான் வந்துச்சு. ஊரையும் ஸ்கூலையும் விடுங்க. தண்ணி குடிச்சுட்டு ஓடினா வயித்தப் பிடிச்சுக்கும்னு சொல்லி ரெண்டு மணி நேரம் கபடி கிரவுண்டுல ஒரு சொட்டு தண்ணி தர மாட்டார். நாங்க கக்கூஸ் போறேன்னு சொல்லிட்டுப் போய் பைப்புல வாய வச்சு குடிப்போம். மண்டலப் போட்டியில மொத ரவுண்டைத் தாண்டினதில்ல. உங்க கட்டுரையில அந்த வெயில் ஓட்டத்தைப் புகழ்ந்து எழுதின பாரா வந்தப்போ அந்தப் பைப்புத் தண்ணி டேஸ்ட் நாக்குல வந்துச்சு சார், மிகைப்படுத்தல.

2003 சீசனுக்கு வரேன், அது இல்லாம இந்த லெட்டர் முடியாது. ஒஹாயோவுல மவுன்ட் யூனியன்னு ஒரு காலேஜ், செயின்ட் ஜான்ஸ் ஆடற மூணாவது டிவிஷன்ல யாராலயும் அசைக்க முடியாத டீம், தொடர்ந்து 55 மேட்ச் ஜெயிச்சு வந்திருந்தாங்க. 2000 ஃபைனல்ல இவங்ககிட்டதான் செயின்ட் ஜான்ஸ் 10-7ன்னு கடைசி நொடியில தோத்துது. மூணு வருஷம் கழிச்சு திரும்ப அதே டீம், அதே ஃபைனல், வர்ஜீனியாவுல சேலம்ங்கற ஊர்ல. எல்லாரும் மவுன்ட் யூனியன்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. செயின்ட் ஜான்ஸ் ஒரு பையன், மைக் சாஹர், தன்னோட கோட்டுகிட்டயே எதிராளி எறிஞ்ச பந்தைப் பிடிச்சு மறுமுனை வரைக்கும், 100 யார்டு, ஓடியே கொண்டு போய் வச்சுட்டான். ஸ்கோர் 24-6. அந்த சீசன் 14 மேட்ச், 14ம் ஜெயிப்பு. டிவிஷன்லயே சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்கற அவார்டு பேரே கலார்டி டிராஃபிதான், அந்த வருஷம் அதையும் இவங்க டீம் பிளேக் எலியட் வாங்கிட்டான். 63, 65, 76க்கு அப்புறம் கலார்டிக்கு இது நாலாவது தேசிய சாம்பியன் பட்டம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். இது மூணாவது டிவிஷன், விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப் கிடையாது, அலபாமா ஒஹாயோ ஸ்டேட் மாதிரி லட்சம் பேர் உக்கார ஸ்டேடியம், கோடிக்கணக்குல சம்பளம் எதுவும் கிடையாது. அங்க இது செல்லுமான்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல. ஆனா டார்ட்மவுத் காலேஜ்ல பட்டி டீவன்ஸ்ங்கற கோச் 2010ல பிராக்டிஸ்ல டாக்கிள் வேண்டாம்னு நிறுத்தினார், 2015ல லீக் பட்டத்துல பங்கு வாங்கினாங்க, அதுக்கு அடுத்த வருஷம் டார்ட்மவுத் ஆடற அந்த ஐவி லீக்ல இருக்கற எட்டு காலேஜுமே சீசன் நடக்கும்போது முழுசா மோதற பிராக்டிஸை எடுத்துட்டாங்க. தலையில அடிபட்டு மூளை பாதிக்கறது பத்தி பேச்சு பெருசானதுக்கு அப்புறம்தான் மத்தவங்க யோசிச்சாங்க, கலார்டி அம்பது வருஷம் முன்னாடியே பண்ணிக்கிட்டு இருந்தார். இன்னொண்ணு, அவரோட கடைசி ரெண்டு மூணு சீசன் சுமார்தான், கொஞ்சம் முன்னாடியே விலகியிருக்கலாம்னு இங்க முணுமுணுத்தவங்க உண்டு, எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. 86 வயசுல விட்டார். 2018 அக்டோபர்ல இறந்தப்போ வயசு 91.

அடுத்து ஒரு சின்ன விஷயம், கோவிச்சுக்காதீங்க. கட்டுரைக்கு மேல பெருசா ஒரு படம் போட்டிருக்கீங்க, அதுல நம்ம ஊர் உருண்டை ஃபுட்பாலை ஒருத்தர் காலால உதைக்கறார். இவங்க ஆடறது தேங்காய் மாதிரி நீளப் பந்து, பெரும்பாலும் கையிலதான் இருக்கும். அடுத்த இதழ்ல கலார்டி பத்தி ரெண்டு வரி திருத்தம் போட்டா படத்தையும் மாத்திருங்க, இங்க என் பையன் அதைக் காட்டி காட்டி சிரிக்கறான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
செயின்ட் கிளவுட், மினசோட்டா