திருகாணியைத் தொடாதே, செல்வம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தாங்கல் இல்லாமல் கூடத்திலிருந்து அடுக்களை வரை நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் இரண்டாம் பக்கத்தைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நீ எடுத்த கல்யாணப் படங்கள் எல்லாம் அடங்கிய ஹார்டு டிஸ்க் திங்கட்கிழமை காலையில் கணினியில் தென்படவில்லை என்றும், பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் "போர்டை மாற்றிப் பார்க்கலாம், சரிவராவிட்டால் ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைக்கலாம்" என்று சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் செய்ய விடாதே என்று அன்றிரவே உனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அதில் விளக்க இடமில்லை, ஆகவே இந்தக் கடிதம்.

நீ எழுதிய அடையாளங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று: டிஸ்க் வழக்கம்போலச் சுழல்கிறது, "டக் டக்" என்ற சத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இரவு கணினியை முறைப்படி அணைத்தபோது எந்தக் கோளாறும் இல்லை. தட்டைப் படிக்கும் தலை அடிபட்ட டிஸ்க்கோ தட்டு கீறிய டிஸ்க்கோ பெரும்பாலும் முன்கூட்டியே முனகும்; கோப்பு திறக்கத் தாமதமாகும், சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வரும். உன்னுடையது ஒரு முனகலும் இல்லாமல், பவர் கொடுத்த அந்தக் கணத்தில் வாயடைத்துப் போயிருக்கிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். என் சந்தேகமோ ஃபர்ம்வேர் மீது.

ஹார்டு டிஸ்க் வெறும் தட்டும் ஊசியும் அல்ல, அதற்குள் ஒரு சிறிய கணினியே இருக்கிறது. அந்தக் கணினியை நடத்தும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். அதன் ஒரு சிறு பகுதி கீழேயுள்ள பச்சைப் போர்டின் சிப்பில் இருக்கும். பெரும்பகுதி, நம் கண்ணுக்கோ விண்டோஸுக்கோ தெரியாத தடங்களில், தட்டின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். எந்த இடங்கள் பழுது, எந்த எண்ணிட்ட கட்டம் தட்டில் எங்கே இருக்கிறது, இதுவரை டிஸ்க்குக்கு என்னென்ன நேர்ந்தது என்ற குறிப்பேடுகள் எல்லாம் அங்கேதான் உள்ளன. பவர் வந்ததும் டிஸ்க் முதலில் தன் குறிப்புகளைப் படித்துத் தன்னை யாரென்று தெரிந்துகொண்ட பிறகுதான் உன் கணினிக்கு வணக்கம் சொல்லும். படிக்கும்போது தடுமாறினால் வணக்கம் வராது. உன் படங்கள் அத்தனையும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும், வாசற்கதவு மட்டும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான உதாரணம் 2009 ஜனவரியில் வெளிவந்த, சீகேட் என்ற டிஸ்க் நிறுவனத்தின் விவகாரம். பாரகூடா 7200.11 என்ற வரிசையிலும் அதன் உறவு வரிசைகள் சிலவற்றிலும், 2008 டிசம்பர் வரை தயாரான டிஸ்க்குகளில் பல, காலையில் பவர் கொடுத்ததும் இல்லாமற்போயின. சில, கணினி துவங்கும்போது டிஸ்க்குகளைத் தேடும் பயாஸில் தென்படவே இல்லை. சில தென்பட்டாலும் கொள்ளளவு பூஜ்யம் என்று காட்டின. காரணத்தை அந்த நிறுவனமே பிறகு விளக்கியது. டிஸ்க் தனக்கு நேர்வதையெல்லாம் குறித்துவைக்கும் நிகழ்வேடு ஒன்று உண்டு. அது வட்டமாகச் சுழலும் ஏடு, கடைசி வரிக்குப் பிறகு முதல் வரிக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கடைசி எல்லை 320. அதை நிரலில் ஒன்று தள்ளிக் குறித்துவிட்டார்கள், வேலியை ஓரடி தள்ளி நட்டதைப் போல. பவர் வரும் நேரத்தில், ஏட்டில் எந்த வரி என்று கணக்கு வைக்கும் எண்ணி (கவுண்ட்டர்) சரியாக 320இல் நின்றாலோ, அதற்குமேல் 256, 256 ஆகக் கூடிய எண்களில் நின்றாலோ, நிரல் ஏட்டின் விளிம்பைத் தாண்டிக் காலை வைக்கும். தாண்டியதை அதே நிரல் கண்டுபிடித்து, மேலும் கெடுத்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். நின்றுவிட்டதால் எண்ணி நகராது. எண்ணி நகராததால் மறுபடி எத்தனை முறை பவர் கொடுத்தாலும் அதே 320, அதே மௌனம்.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர் உள்ள எல்லா டிஸ்க்குகளும் விழவில்லை. தொழிற்சாலையில் எந்த வகைச் சோதனை இயந்திரத்தில் அந்த டிஸ்க் ஏறியதோ, அந்த இயந்திரம் மறைவான தடங்களில் விட்டுச்சென்ற எச்சத்தைப் பொறுத்தே சில விழுந்தன, சில தப்பின. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடிய டிஸ்க் தனக்கு மட்டும் ஏன் ஓடவில்லை என்று அன்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் பலர். கணினியை அணைக்காமல் மாதக்கணக்கில் ஓட விட்டவர்கள் பிழைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பவர் வரும் கணத்தில் மட்டுமே ஆபத்து.

அந்த மௌனத்தை வெளியாட்கள் கலைத்த விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா செருகியின் பக்கத்தில் நான்கு சிறு முட்கள் இருப்பதை நீ பார்த்திருப்பாய். தொழிற்சாலைக்காரர்கள் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசுவதற்கு உதவும் வாசல் அது. பழைய நோக்கியா போன் கேபிளை வெட்டி அந்த முட்களில் பொருத்தி, நொடிக்கு 38400 பிட் வேகத்தில், கட்டளைகளைத் தட்டச்சிடும் ஒரு டெர்மினல் திரையைத் திறந்தார்கள். போர்டின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தி, போர்டுக்கும் டிஸ்க்கின் தொடுமுனைகளுக்கும் இடையே விசிட்டிங் கார்டு போன்ற ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். உள்ளேயிருப்பதை எட்ட முடியாததால் டிஸ்க் தடுமாறும் இடம்வரை போகவே போகாது, கேட்பதற்குப் பதில் சொல்லும். மோட்டாரை நிறுத்தச் சொல்லி, பவர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டையை உருவி, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கி, மறுபடி சுழலச் சொல்லி, குறிப்பேட்டைத் துடைத்தால் தாழ்ப்பாள் திறந்துவிடும். செத்துவிட்டது என்று ஒதுக்கிய டிஸ்க்குகளிலிருந்து ஒரு கோப்பும் குறையாமல் திரும்பி வந்தது.

இதைப் படித்ததும் உன் கை துறுதுறுக்கும், உன்னை எனக்குத் தெரியாதா? வேண்டாம். அந்தக் கட்டளைகள் அந்த ஒரு வரிசைக்கு உரியவை. கட்டங்களின் முகவரிப் பட்டியலை மறுபடி கட்டச் சொல்லும் கட்டளையில் ஓர் எண் மாறினால், உயிரோடு இருக்கும் தகவலை நாமே கொன்றவர்களாவோம். உன் டிஸ்க்கின் நோய் அதுதானா என்றும் நமக்கு இன்னும் தெரியாது.

போர்டை மாற்றுவது பற்றி என் கதை ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு சிறிய அச்சகத்தின் கணக்கு முழுவதும் இருந்த டிஸ்க்குக்கு, அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து போர்டைக் கழற்றிப் பொருத்தினேன். வெளியே பார்க்க இரண்டும் அச்சில் வார்த்தவை. பவர் கொடுத்ததும் தலை தட்டத் தொடங்கியது. அதுவரை சத்தமே போடாத டிஸ்க் அது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் தலைகளுக்கேற்ப அளந்து எழுதிய எண்கள் போர்டின் சிப்பில் இருக்கும், அந்தச் சிப்பின் உள்ளடக்கத்தையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுப் போர்டு பழைய தலையை இன்னொருவரின் கண்ணாடி வழியே பார்க்கும். நான் அன்று அதை அறியவில்லை. அச்சக உரிமையாளர் என்னைத் திட்டவில்லை, "பரவாயில்லை தம்பி" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். ஃப்ரீசரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர் கோக்கும், ஃபர்ம்வேர் கோளாறுக்குக் குளிர் மருந்தும் அல்ல.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். "நல்லவேளை, இதே மாதிரி இன்னொரு டிஸ்க்கில் பேக்கப் இருக்கிறது, இரண்டையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினேன்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு ஆறுதலாகத் தோன்றும் அந்த வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தேய்மானத்தால் சாகும் டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டு சாவதில்லை. ஆகவே இரண்டு வைத்தால் ஒன்று மிஞ்சும் என்ற கணக்கு சரி. ஃபர்ம்வேர் பிழையால் விழுபவை இரட்டைப் பிள்ளைகள், ஒரே ஜாதகம். ஒன்றாகப் பிறந்து, ஒன்றாகப் பவர் பெற்று, ஒரே மணிக்கணக்கு ஓடியவை ஒரே எண்ணில் இடறும்.

2019 நவம்பரில் ஹெச்பி எண்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர்களில் பொருத்திய சில எஸ்.எஸ்.டிகளை, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கும் டிஸ்க்குகளைப் பற்றி ஓர் அவசர அறிவிப்பு விட்டது: மொத்தம் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும், அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரத்தில், அவை நின்றுவிடும், டிஸ்க்கும் திரும்பாது, அதிலுள்ள தகவலும் திரும்பாது. நிரல் எழுதுபவர் யாரும் அந்த எண்ணைப் பார்த்ததும் புன்னகைப்பார், இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வருவது அது. கூட்டல் கழித்தல் குறியுடன் 16 பிட்டில் எண்ணும் எண்ணியில் 32,767தான் கடைசிப் படி. நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச்சில், வேறு சில மாடல்களுக்கு இன்னோர் அறிவிப்பு. இம்முறை 40,000 மணி. ஒரே நாளில் பொருத்திய நான்கு டிஸ்க்குகளை ரெய்டு என்று ஒரே தொகுதியாகக் கட்டி வைத்திருக்கும் ஒரு சர்வர் அறையை நினைத்துப் பார். ஒன்று போனால் மற்றவை தாங்கும் என்ற நம்பிக்கையில் கட்டியது அது. நான்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் கண்ணை மூடினால் தாங்குவதற்கு யார்? 2022 ஜூலையில் ஹேக்கர் நியூஸ் என்ற கணினித்துறைச் செய்தித் தளத்துக்கு ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. முதன்மைச் சர்வரின் டிஸ்க்குகளும் மாற்றுச் சர்வரின் டிஸ்க்குகளும் சில மணி நேர இடைவெளியில் போயின, அந்த நாற்பதாயிரம் மணிக் கோளாறே காரணம் என்று கருதினார்கள்.

எல்லாம் இவ்வளவு கொடூரமாக இருப்பதில்லை. குரூஷியல் எம்4 என்ற எஸ்.எஸ்.டி 5,184 மணி, அதாவது 216 நாள், ஓடிய பிறகு திடீரென்று உறைந்துபோகும். மறுபடி துவக்கினால் எழுந்துகொள்ளும், ஒரு மணி நேரத்தில் மீண்டும் உறையும். 2012 ஜனவரியில் வந்த புது ஃபர்ம்வேரோடு அந்தத் தொல்லை தீர்ந்தது, யாருடைய தகவலும் போகவில்லை.

ஆகவே உன் இரண்டாவது டிஸ்க். அது ஸ்டூடியோ கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கணினியை அணைக்காதே, "ரீஸ்டார்ட்" செய்யாதே. யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துக்கொள். வேறு நிறுவனத்தின் புது டிஸ்க் ஒன்றை வாங்கி, யுஎஸ்பி வழியே இணைத்து, இன்றே நகலெடுக்கத் தொடங்கு; முதலில் வேறெங்கும் இல்லாத படங்கள், பிறகு மற்றவை. ஓடும்போதே, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைத் திறந்து, எத்தனை மணி ஓடியிருக்கிறது, எத்தனை முறை பவர் பெற்றிருக்கிறது, ஃபர்ம்வேர் பதிப்பு என்ன என்ற மூன்றையும் தாளில் குறித்துவை.

நகல் முடியும் வரை ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்காதே. 2009இல் சீகேட் அவசரமாக வெளியிட்ட முதல் திருத்தமே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த 500 ஜி.பி. டிஸ்க்குகள் சிலவற்றை முடக்கிவிட்டது. அதைத் திரும்பப் பெற்று, சரிசெய்து, மறுபடி வெளியிட்டார்கள். பதிப்பு எண்ணையும் முழுக்க நம்ப முடியாது. 2010 டிசம்பரில் சாம்சங் தன் ஹெச்டி204யூஐ டிஸ்க்குக்கு ஒரு திருத்தம் தந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கின் நலம் விசாரித்தால் எழுதியது தொலைந்துபோகும் என்ற கோளாறு அதற்கு. திருத்தம் போட்ட பிறகும் பதிப்பு எண் பழையதாகவே இருந்தது. போட்டோமா, போடவில்லையா என்று பிறகு கேட்டால் டிஸ்க்குக்கே தெரியாது. அதனால்தான் போட்ட தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டிஸ்க்கின் முதுகில் ஒட்டும் பழக்கம் எனக்கு. ஆய்வகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

பேசாத டிஸ்க்கைப் பொறுத்தவரை, அதைக் கொடுத்த இடத்திலிருந்து நாளையே திரும்ப வாங்கிவிடு. பவர் கொடுக்க வேண்டாம். "ஃபார்மேட் செய்யவா" என்று எந்தத் திரை கேட்டாலும் வேண்டாம் என்று சொல். ஸ்பாஞ்ச் வைத்த டப்பாவில் போட்டு, மேல் லேபிளை எண்கள் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து எனக்கு அனுப்பு. எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் பிசி-3000 கருவி அந்த மறைவான தடங்களைத் தனித்தனியாகப் படித்துப் பார்க்கக்கூடியது. எதையும் எழுதாமல் முதலில் படிக்க மட்டும் செய்து, எந்தக் குறிப்பேடு கெட்டிருக்கிறது என்று பார்ப்பேன். ஃபர்ம்வேர்தான் என்றால் நம்பிக்கை நிறைய உண்டு. வேறு ஏதாவது என்றால் அப்போது உட்கார்ந்து யோசிப்போம்.

அடுத்த சனிக்கிழமை முதல் பேருந்தில் வருகிறேன். அம்மாவிடம் சொல்லிவிடு, டிஸ்க்கை எடுக்க வருகிறேன் என்று சொல்லாதே, அவரைப் பார்க்க வருகிறேன் என்று சொல்; இரண்டும் உண்மைதான். உன் நகல் வேலை எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று இரவில் ஒரு வரி எழுது.

அன்புடன்,
மாதவன்