ஒன்றரைக் கட்டை

இணுவில்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்துக்கு நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். கொடியேறிவிட்டது, இந்த முறை வெயில் தாங்க முடியவில்லை. அப்பாவின் முழங்கால் அப்படியேதான். கிணற்றடி மதிலைக் கட்டியாயிற்று, நீ அனுப்பின காசில் மிச்சமும் இருக்கிறது. வேறு புதினம் இல்லை. வேலையால் வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். நீ எடுக்கிறாயில்லை என்று குறை சொல்ல வரவில்லை. உனக்கு வேலை. ஏழு ஞாயிறு என்ன பெரிய கணக்கா? கண் மங்குவதற்கு முன் கையால் கொஞ்சம் எழுதுவோம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

உன் அலுமாரியில் கறையான் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் விறாந்தைக்குக் கொண்டுவந்து தட்டினேன். அடித்தட்டில் சப்பாத்துப் பெட்டிக்குள் உன் சீடிகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு பேயுருவை மேசையில் கிடத்தி அறுக்கிற படம் போட்ட அந்தச் சீடி. 2002 இல் ஏ9 பாதை திறந்ததும் ஊரே கொழும்புக்குப் போய்ச் சாமான் சாமானாய் வாங்கிக்கொண்டு வந்தது. நீ கொண்டுவந்தது இது ஒன்றுதான். அயன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் ‘த எக்ஸ் ஃபேக்டர்’. சாமியறைக்கு நேரே இந்தக் கோலத்தை வைக்காதே என்று நான் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேன், நீ நேராக்கி வைப்பாய். மறுபடி நான் திருப்புவேன்.

ஒருநாள் வாசலில் நின்று கொஞ்சம் கேட்டுவிட்டு, “இது அண்ணா கேக்கிற ஆள் இல்லையே, இவருக்கு மேலே போகுதில்லை” என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சத்தத்தைக் குறைத்தாய்.

இப்போது முழுதாய்க் கேட்டேன், தம்பி. பக்கத்து வீட்டுப் பெடியன் தன் பழைய பிளேயரைக் கொண்டுவந்து பூட்டித் தந்தான். 71 நிமிடம். சமைத்துக்கொண்டு இரண்டு தரம், வேறு வேலை இல்லாமல் சும்மா இருந்து நாலு தரம். அப்பா சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, “தண்ணி மோட்டர் இறுகிப்போச்சோ?” என்று கேட்டார். சிரிக்காதே. மருதனார்மடத்தில், மகாராஜபுரம் சந்தானம் அதிபராய் இருந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவள் நான். கிட்டார் எனக்குத் தெரியாது. சுருதி தெரியும்.

கதையைப் பெடியன் சொன்னான். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1981 இல் சேர்ந்து 1993 இல் விட்டுப் போய்விட்டார். அந்த இடத்துக்கு 1994 இல் வந்தவர் பிளேஸ் பெய்லி. 1992 இல் டிக்கின்சன் பாடின ஆல்பம் இங்கிலாந்தில் முதலாம் இடம், பிளேஸ் பாடின இது எட்டாம் இடம். உடனே எல்லோரும் விழுந்துவிட்டது என்றார்களாம். வகுப்பில் எட்டாம் பிள்ளையாய் வந்தவனிடம் இந்த வீட்டில் என்ன சொல்லப்பட்டது என்று உனக்குத்தான் தெரியுமே. போனவர் 1999 இல் திரும்பி வந்தார். இவர் வெளியே போனார், இரண்டே ஆல்பத்தோடு.

பெடியன் தன் போனில் மேடைக் கச்சேரிகளையும் போட்டுக் காட்டினான். அங்கேதான் எனக்கு விளங்கியது. டிக்கின்சனின் குரலுக்கு அளந்து செய்த பழைய பாட்டுக்களை இவரைப் பாட வைத்திருக்கிறார்கள், அதே சுருதியில். இவருடையது தாழ்ந்த சுருதி, ஒன்றரைக் கட்டைக் குரல். அதை உயர்ந்த மூன்று கட்டையில் நிறுத்திவிட்டு மேலே போ என்றால் என்ன செய்யும்? தொண்டை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், சுரம் ஒரு மயிரிழை கீழே நிற்கும். கேட்கிறவன் இவனுக்குப் பாட வராது என்பான். என்னிடம் ஒரு பிள்ளை அப்படிப் பாடினால் நான் முதலில் செய்வது சுருதிப்பெட்டியை இறக்குவதுதான்.

அந்த ஆல்பத்தில் அவருக்கென்றே இருக்கிற இடங்களைக் கேட்டுப் பார். நீ கேட்டிருப்பாய், நான்தான் கேட்கவில்லை. ஐந்து பாட்டில் எழுதினவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. முதல் பாட்டு, ‘சைன் ஆஃப் த க்ராஸ்’, 11 நிமிடத்துக்கு மேல். துறவிகள் கூடி ஓதுகிற மாதிரி எங்கேயோ தூரத்தில் தொடங்குகிறது. அதற்குள் அவர் கிட்டத்தட்டப் பேச்சுக் குரலில் வருகிறார், அவசரமே இல்லை. மந்திர ஸ்தாயியில், அடிக்குரலில், நின்று பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும். மேலே போனால் கைதட்டுவார்கள், கீழே நின்றால் மைக் சரியில்லை என்பார்கள். 2001 இல் ரியோவில் டிக்கின்சனே இந்தப் பாட்டைப் பாடினதையும் பெடியன் போட்டான். நல்லாய்த்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் அந்தப் பாட்டுக்குப் பயப்படவில்லை. பிளேஸ் பயந்தபடி பாடுகிறார், அந்தப் பாட்டுக்கு அந்தப் பயம் வேண்டும். இதைப் பெடியனிடம் சொன்னேன். “அன்ரி, உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்டான்.

எட்டாவது பாட்டின் தொடக்கத்தில் பேஸ் கிட்டார் தனியே வருகிறது. வீணையில் தானம் வாசிக்கிற மாதிரி. நீ அதை மூடின கதவுக்குப் பின்னால் எத்தனை மாதம் வாசித்தாய்! நான் வெளியே நின்று, சாதகம் செய்கிற நேரத்தைப் பாழாக்குகிறான் என்று சொல்லிக்கொண்டு இருந்தேன்.

குறை இல்லை என்று சொல்லவில்லை. ஒரே வரியை எத்தனை தரம் திருப்புவது? பஜனையில்கூட இவ்வளவு இல்லை. இரண்டு பாட்டைக் குறைத்திருக்கலாம். ஒலிப்பதிவும் வறண்டு கிடக்கிறது, முற்றத்தில் தண்ணீர் தெளிக்காத மாதிரி. அப்புறம், சண்டைக்குப் போய் வந்தவர்களைப் பற்றின இரண்டு பாட்டு. அவற்றை ஒரு தரம்தான் கேட்டேன். பெடியன் அர்த்தம் சொல்ல வந்தான், தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அண்ணாவின் படத்துக்குப் பொட்டு வைப்போம் என்று அப்பா இந்த வருடமும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தக் குழுவைத் தொடங்கின ஸ்டீவ் ஹாரிஸ் அந்தக் காலத்தில் குடும்பம் பிரிந்து நொந்துபோய் இருந்தாராம், அதனால்தான் ஆல்பம் இப்படி இருண்டு கிடக்கிறதாம். அந்தப் பிள்ளையைப் பற்றி நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். ‘டூ ஏ.எம்.’ என்று ஒரு பாட்டு, வேலை முடிந்து இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து தனியே குந்தியிருக்கிற ஒருவனைப் பற்றி. உனக்கு இரவு இரண்டு என்றால் எனக்குப் பகல் பதினொன்றரை, உலை வைக்கிற நேரம். உலை கொதிக்கிற சத்தத்தில் தினமும் அந்தப் பாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பிடி சோறாவது போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படு. பாணும் பட்டரும் சாப்பாடு இல்லை.

அண்ணா கேட்டதெல்லாம் மாமா தொண்ணூறுக்கு முன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கசெட்டுகள். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி டைனமோவில் ரேப் ரெக்கோடரைப் பூட்டுவான். பெடலைச் சுற்றுவது நீ. அவன் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். உன் கை களைத்தால் சில்லு மெல்லச் சுற்றும், டிக்கின்சனின் குரல் அப்படியே ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று இறங்கிக்கொண்டு போகும். “டேய், சுத்தடா!” என்று அவன் கத்துவான். குரல் திரும்ப மேலே ஏறும். உனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். அடுக்களை யன்னலால் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். ஒருநாளாவது நீ இறங்கு, அவன் சுற்றட்டும் என்று சொல்லவில்லை.

இந்த ஆல்பம் வந்தது 1995 ஒக்டோபர் 2 ஆம் திகதி. சீடியில் ஆண்டைப் பார்த்துவிட்டு மாதத்தைப் பெடியனிடம் கேட்டேன். அதற்குச் சரியாய் 28 நாள் கழித்து, 30 ஆம் திகதி இரவு, நாங்கள் ஊரை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நின்றோம். மழை. முன்னாலும் பின்னாலும் சனம், நகர இடமில்லை. குடையைத் தலைகீழாய்ப் பிடித்து மழைத்தண்ணீர் சேர்த்து உனக்குத் தந்தேன். அப்பா சைக்கிளை உருட்ட, சுருதிப்பெட்டியைச் சேட்டுக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாய். உனக்குப் பன்னிரண்டு வயது. அன்று இரவு இரண்டு மூன்று தரம் உன்னை அண்ணாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திருத்தவில்லை. “ஓம் அம்மா” என்றாய்.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

1996 இல் திரும்பி வந்து வீட்டைக் கூட்டி விளக்கு வைத்த முதல் நாள், தேவாரம் பாட உன்னை அண்ணா இருக்கிற இடத்தில் இருத்தினேன். சுருதிப்பெட்டி அவனுக்கு வைத்த மூன்று கட்டையிலேயே இருந்தது. முதலில் உனக்கு அது சுகமாய்த்தான் இருந்தது, சின்னக் குரல். அடுத்த வருடம் உனக்கு மகரக்கட்டு வந்தது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம், குரல் உடைகிற நேரம் பாடாதே, ஆறு மாதம் தொண்டைக்கு ஓய்வு கொடு, பிறகு புதுச் சுருதி பார்ப்போம் என்று சொல்கிற ரீச்சர் நான். உனக்கு மட்டும் சொல்லவில்லை. மூன்றிலேயே பாட வைத்தேன். பின்னேரம் ஆறு மணிக்கு இந்த வீட்டில் அந்த இடத்திலிருந்து அந்தச் சுருதியில் ஒரு குரல் வரவேண்டும் எனக்கு. யாருடையது என்றாலும் பரவாயில்லை. உன் குரல் கிழிந்தது. நீ திரும்ப எடுத்தாய், திரும்பக் கிழிந்தது. “அண்ணாவுக்கு இது ஒரு வேலையே இல்லை” என்றேன். பிறகு ஒருநாள் நீ பாட்டை விட்டாய். அடம் என்று ஊரெல்லாம் சொன்னேன். உன் தொண்டைக்கு நான் என்ன செய்தேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் பொய்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பாடாமல் இருந்துவிட்டு, ஏழு கிழமைக்கு முன் நீ வாட்ஸ்அப்பில் ஒரு தேவாரம் பாடி அனுப்பினாய். கேட்டுவிட்டு நான் என்ன சொல்லி அனுப்பினேன்? “அண்ணா எண்டால் மேல் சட்ஜத்தைத் தொட்டிருப்பான்.” இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றுமில்லை.

நேற்றுப் பின்னேரம் சுருதிப்பெட்டியைத் துடைத்து எடுத்தேன். துருத்தியில் ஒரு பொத்தல், சேலைத்துண்டு வைத்து ஒட்டினேன். உன் பாட்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு கட்டையாய்த் திறந்து பார்த்தேன். மூன்றில் சேரவில்லை, இரண்டிலும் சேரவில்லை. ஒன்றரைக்கு வந்ததும் சேர்ந்துகொண்டது. சுருதிப்பெட்டி இல்லாமல், யாரும் பிடித்துக் கொடுக்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீ ஒன்றரையிலேயே நிற்கிறாய். ஒரு இடத்திலும் விலகவில்லை. மந்திர பஞ்சமத்தில் இறங்கி நின்றாயே, அந்த இடத்தை மூன்று தரம் போட்டேன். அப்பா கதிரையை விட்டு எழும்பி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாமியறை வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஆரப்பா பாடுறது?” என்று கேட்டார்.

“சின்னவன்” என்றேன்.

சீடியைக் கேட்டால் தரமாட்டேன். உன் அலுமாரிக்கு மேலே முகம் தெரிய நிறுத்தி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டு என்ன ரீச்சர் இது என்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெளிக்கிடுகிறவரிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு போத்தல் மிளகாய்த்தூளும் பினாட்டும் கொடுத்துவிடுகிறேன். போத்தல் மூடி அவ்வளவு இறுக்கம் இல்லை, நிமிர்த்தி வை. முடிந்தால் ஞாயிறு எடு. இல்லாவிட்டால் வேறு நாள் எடு, பதினொன்றரைக்கு நான் அடுக்களையில்தான் இருப்பேன்.

அம்மா