வேகத்தோடு கண்டிப்பும் வேண்டும்

ஆசிரியருக்கு,

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கோரும் விண்ணப்பங்களின் பரிசோதனையை விரைவுபடுத்த வலியுறுத்தும் தங்கள் தலையங்கம் படித்தேன். பரிசோதனை கோரும் கெடு 2024 விதித் திருத்தத்தில் 48 மாதங்களிலிருந்து 31 ஆகக் குறைந்தது நல்லதே. ஆனால் வேகத்தைவிடக் கண்டிப்பு முக்கியம். தனித்தனியே இயங்கும், ஏற்கெனவே அறிந்த கருவிகளை இடம் மாற்றி அடுக்குவது மட்டுமே கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு. சமையலறைப் புகைபோக்கிகளுக்கு இதை இம்மியும் பிசகாமல் பொருத்த வேண்டும்.

நான் புகைபோக்கி பழுதுபார்ப்பவன். ‘புதுமை’ என்று விற்கப்பட்டவற்றைக் கழற்றினால், தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அதே வளைதகட்டு வடிகட்டிதான். விசிறியின் இடம் மட்டும் மாறியிருக்கும். பரிசோதகர்கள் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகளையும் அவசியம் தேடிப் பார்க்க வேண்டும். விண்ணப்பச் சுருக்கங்களைத் தமிழிலும் வெளியிட்டால், எங்களைப் போன்றோர் அச்சட்டத்தின் 25(1) பிரிவின்படி உரிய காலத்தில், அதாவது காப்புரிமை வழங்கப்படும் முன்பே, எதிர்ப்பு தெரிவிக்க இயலும்.